சனிக்கிழமை காலைக்கு ஃபிளிண்ட்ஸ்டோன்ஸ் திரும்பி வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'ஃபிளிண்ட்ஸ்டோன்ஸ்' கார்ட்டூன் தொடரில் வரும் பெட்ராக் ஊரின் ஃப்ரெட், வில்மா, பார்னி, பெட்டி நால்வரையும் அமெரிக்கத் தொலைக்காட்சி பலமுறை மறுபடி உயிர்ப்பித்திருக்கிறது. அந்த முயற்சிகளில் பெரும்பாலானவை சனிக்கிழமை காலைக்காகவே எடுக்கப்பட்டவை. இந்தக் குடும்பத்தை நேசிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைத் தொகுத்து, தெரிந்த வரலாற்றையும் என் கருத்தையும் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

இந்தத் தொடரைப் பார்த்ததே இல்லை. எதைப் பற்றியது?

கற்காலத்தில் நடப்பதாக வைத்துக்கொண்ட, பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழும் இரண்டு குடும்பங்களின் கதை. ஃப்ரெட் ஃபிளிண்ட்ஸ்டோன் கல் குவாரியில் வேலை பார்ப்பவன். அங்கே கிரேனுக்குப் பதிலாக டைனோசர். முதலாளி திருவாளர் ஸ்லேட் எப்போது வேண்டுமானாலும் வேலையை விட்டுத் தூக்கிவிடுவார். வீட்டுக்கு வந்தால் மனைவி வில்மா. பக்கத்து வீட்டில் நண்பன் பார்னி, அவன் மனைவி பெட்டி. கல்லால் செய்த கார், காலால் ஓட்ட வேண்டும். சங்கு வடிவில் தொலைபேசி, தும்பிக்கையால் பாத்திரம் கழுவும் யானை. மற்றபடி எல்லாமே 1960களின் அமெரிக்கப் புறநகர் வாழ்க்கைதான்: தவணை, சம்பளம், பவுலிங், சங்கக் கூட்டம், மனைவியிடம் மறைத்த பொய்.

குழந்தைகளுக்காக எடுத்த தொடர்தானே இது?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் 1960 செப்டம்பர் 30 அன்று ஏபிசி தொலைக்காட்சி நிலையம் இதை ஒளிபரப்பத் தொடங்கியது வெள்ளிக்கிழமை இரவு 8:30 மணிக்கு. வேலைக்குப் போனவர் திரும்பி, சாப்பாடும் முடிந்து, வீடே டிவி முன் உட்காரும் நேரம் அது. கார்ட்டூனில் ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடர் இரவு நேரத்துக்கென்றே எடுக்கப்பட்டது அமெரிக்காவில் அதுவே முதல்முறை. எடுத்தவர்கள் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பேராவும். டாம் அண்ட் ஜெர்ரிக்காக 7 ஆஸ்கர் வாங்கிய அதே இருவர். எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் சினிமா நிறுவனம் தன் கார்ட்டூன் பிரிவை 1957இல் மூடியபோது, சொந்தமாக நிறுவனம் தொடங்கித் தொலைக்காட்சிக்கு வந்தவர்கள்.

ஃப்ரெட்டின் குணமும் குரலும் 1955-56இல் வந்த 'தி ஹனிமூனர்ஸ்' என்ற நகைச்சுவைத் தொடரின் பஸ் ஓட்டுநர் ரால்ஃபை அப்படியே நினைவுபடுத்தும். பெரிய வாய், பெரிய கனவு, காலிப் பை, உள்ளே நல்ல மனசு. முதல் இரண்டு ஆண்டுகளின் ஸ்பான்சர்களில் ஒன்று வின்ஸ்டன் சிகரெட் என்பதைச் சொன்னால் யாருக்காக எடுத்தார்கள் என்பது புரிந்துவிடும். ஃப்ரெட்டும் பார்னியும் வீட்டுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று புகைபிடிக்கும் விளம்பரம் இன்றும் காணக் கிடைக்கிறது. 1961இல் சிறந்த நகைச்சுவை நிகழ்ச்சிக்கான எம்மி தொலைக்காட்சி விருதின் பரிந்துரைப் பட்டியலில், மனிதர்கள் நடித்த தொடர்களோடு இதுவும் இடம்பெற்றது.

1966 ஏப்ரல் 1 வரை ஆறு சீசன், 166 எபிசோட். இரவு நேர அமெரிக்கக் கார்ட்டூன் தொடர்களில் இந்த எண்ணிக்கையைத் தாண்ட 1997இல் 'சிம்ப்சன்ஸ்' வர வேண்டியிருந்தது.

அப்படியென்றால் சனிக்கிழமை காலைக்கு எப்படிப் போனது?

முதலில் பழைய எபிசோடுகள்தான் போயின. 1967 தொடங்கி 1970 வரை என்பிசி அவற்றைச் சனிக்கிழமை காலையில் மறுஒளிபரப்பு செய்தது. இரவில் பெற்றோரோடு உட்கார்ந்து பார்த்த பிள்ளைகளுக்கும், அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கும், இது இப்போது அவர்களுடைய தொடராகிவிட்டது. பின்னால் எடுத்த எல்லாவற்றுக்கும் விதை இங்கேதான் விழுந்தது. பார்ப்பவர்கள் குழந்தைகள் என்றால் கதையும் குழந்தைகளைப் பற்றியே இருக்கட்டும் என்று நிலையங்கள் முடிவு கட்டின. அந்த முடிவை நான் ஏற்கவில்லை. காரணத்தைக் கீழே விரிவாகவே சொல்கிறேன்.

சனிக்கிழமை காலைக்கு அப்படி என்ன தனி மவுசு?

பள்ளி விடுமுறை. பெரியவர்கள் இன்னும் தூக்கத்தில். டிவி பெட்டி முழுக்கப் பிள்ளைகள் கையில். மூன்றே பெரிய நிலையங்கள் இருந்த நாட்டில், ஒரே நேரத்தில் இத்தனை குழந்தைகளைக் கூட்டி உட்கார வைக்கும் வேறு இடம் பொம்மை நிறுவனங்களுக்கும் இனிப்பு, கார்ன்ஃப்ளேக்ஸ் விற்பவர்களுக்கும் கிடைக்கவில்லை. 1960களின் நடுவிலேயே மூன்று நிலையங்களும் அந்தக் காலை நேரத்தைக் கார்ட்டூனால் நிரப்பத் தொடங்கிவிட்டன. சிபிஎஸ்ஸில் அந்தப் பொறுப்பில் இருந்த ஃப்ரெட் சில்வர்மேன் இதை ஒரு தனிக் கலையாகவே நடத்தினார். 'ஸ்கூபி-டூ' 1969 செப்டம்பரில் வந்தது அவர் காலத்தில்தான்.

முதல் புதிய தொடர் எது?

'பெபிள்ஸ் அண்ட் பாம்-பாம் ஷோ'. 1971 செப்டம்பர் 11, சிபிஎஸ், 16 எபிசோட்.

மூலத் தொடரில் ஃப்ரெட்-வில்மாவின் மகள் பெபிள்ஸ் 1963 பிப்ரவரி 22 எபிசோடில் பிறந்த குழந்தை. பார்னியும் பெட்டியும் தத்தெடுத்த பையன் பாம்-பாம். இந்தப் புதிய தொடரில் இருவரும் பள்ளி இறுதி வகுப்புப் பருவத்தினர். பெபிள்ஸுக்குக் குரல் சாலி ஸ்ட்ரதர்ஸ்; அதே ஆண்டு 'ஆல் இன் த ஃபேமிலி' தொடரின் மகளாக நாடறிந்த நடிகை ஆனவர். பாம்-பாமுக்கு ஜே நார்த், முன்பு 'டென்னிஸ் த மெனஸ்' தொடரில் டென்னிஸாக நடித்த அந்தக் குறும்புச் சிறுவனேதான், இப்போது வளர்ந்து.

இளைஞர் பட்டாளம், ஒரு இசைக்குழு, கொஞ்சம் காதல், நிறையக் குழப்பம். 1968இல் 'ஆர்ச்சி' தொடர் போட்ட பாதை அது. அதன் பாடல் ஒன்று 1969இல் அமெரிக்க வானொலிகளை ஆண்டது. அதன் பிறகு சனிக்கிழமைக் கார்ட்டூன் பாத்திரங்கள் கையில் கிட்டார் இல்லாமல் வருவது அரிதாகிவிட்டது. பெபிள்ஸும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டாள்.

அது மோசமான தொடரா?

மோசம் என்று சொல்ல மாட்டேன். ஸ்ட்ரதர்ஸின் குரலில் ஒரு துள்ளல் இருக்கிறது. அப்பாவைப் போலவே பெபிள்ஸும் பெரிய திட்டம் போட்டுச் சிக்கிக்கொள்கிறாள்; இந்த ஒரு இழை மூலத்தோடு உண்மையாகவே ஒட்டுகிறது. எழுதியவர்கள் குணத்தைப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் ஃப்ரெட்டும் வில்மாவும் ஓரத்துக்குப் போய்விட்டார்கள். பெபிள்ஸின் திட்டம் தோற்றால் என்ன நஷ்டம்? பெரிதாக ஒன்றுமில்லை. ஃப்ரெட்டின் திட்டம் தோற்றால் வேலை போகும், வாடகை நிற்கும், வில்மா முகத்தைப் பார்க்க முடியாது. அந்த எடை இங்கே இல்லை.

அதன் பிறகு?

வரிசையாகச் சொல்கிறேன், மூச்சு வாங்கும். 1972இல் சிபிஎஸ்ஸில் 'ஃபிளிண்ட்ஸ்டோன் காமெடி ஹவர்': பாதி புதுத் துணுக்குகள், மீதியில் பெரும்பகுதி முந்தைய ஆண்டின் பெபிள்ஸ் எபிசோடுகள். 1979 பிப்ரவரியில் என்பிசியில் 'நியூ ஃப்ரெட் அண்ட் பார்னி ஷோ'. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் அதை மார்வெலின் பாறை மனிதன் 'தி திங்'கோடு இணைத்து ஒரே நிகழ்ச்சியாகப் போட்டார்கள். தலைப்பு ஃப்ரெட்டும் பார்னியும் திங்கைச் சந்திக்கிறார்கள் என்றது. கதைக்குள் அவர்கள் சந்திப்பதே இல்லை, முகப்பிலும் இடையிணைப்பிலும் மட்டும்தான் சேர்ந்து வருவார்கள். 1980 நவம்பரில் 90 நிமிட 'ஃபிளிண்ட்ஸ்டோன் காமெடி ஷோ'. 1986இல் ஏபிசியில் 'ஃபிளிண்ட்ஸ்டோன் கிட்ஸ்'.

இதில் 1979 பிப்ரவரித் தொடரைப் பலரும் மறந்துவிட்டார்கள். வருத்தம்தான். மூலத்துக்கு மிக நெருக்கமானது அது: பெபிள்ஸும் பாம்-பாமும் மறுபடி சின்னக் குழந்தைகள், ஃப்ரெட்டும் பார்னியும் நடுவில். 17 எபிசோடோடு நின்றுவிட்டது.

1980 தொடரில் ஒரு விசித்திரமான நல்ல யோசனை ஒளிந்திருக்கிறது. அதன் ஒரு பகுதியில் வில்மாவும் பெட்டியும் 'டெய்லி கிரானைட்' என்ற பத்திரிகையில் நிருபர்கள். வேறொரு பகுதியில் ஃப்ரெட்டும் பார்னியும் பகுதிநேரப் போலீஸ். இரண்டாவது வெறும் வேடம். முதலாவது அப்படி இல்லை. வீட்டை விட்டு வேலைக்குப் போகும் வில்மாவை வைத்து எத்தனையோ கதை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பகுதியின் நாயகன் கேப்டன் கேவ்மேன் என்ற பறக்கும் கற்கால வீரன். பெண்களின் வேலை அவன் பறந்து வரக் காரணமாக மட்டும் நின்றுபோனது.

பாத்திரங்களைச் சிறுவர்களாக்கிய 1986 தொடர் பற்றி?

1984இல் 'மப்பெட் பேபீஸ்' வெற்றி பெற்றது. அதன் பிறகு பழைய பாத்திரங்களையெல்லாம் குட்டியாக்கும் அலை ஒன்று அடித்தது. 'ஃபிளிண்ட்ஸ்டோன் கிட்ஸ்' அதில் முதல் வரிசை. இரண்டு ஆண்டில் ஸ்கூபியும் நாய்க்குட்டி ஆனது, 1990இல் டாமும் ஜெர்ரியும் குட்டிகளானார்கள். ஃப்ரெட், வில்மா, பார்னி, பெட்டி நால்வரும் பள்ளிப் பிள்ளைகளாக ஒன்றாகவே வளர்கிறார்கள். மூலத்திலோ, வாலிபர்களாக ஹோட்டல் ஒன்றில் வேலை பார்த்தபோதுதான் இந்த இரண்டு ஜோடியும் சந்திக்கிறார்கள். 1964இல் அதற்கென்றே ஒரு எபிசோட் இருக்கிறது. முன்னுக்குப் பின் முரண் என்பதைக்கூட மன்னிக்கலாம். சம்பளமும் இல்லை, கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை என்றால் அது ஃப்ரெட்டின் முகம் ஒட்டிய வேறு எவனோ ஒருவன்.

ஏன் இத்தனை முறை எடுத்தும் மூலத்தின் உயரத்தை எட்டவில்லை?

நான் இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான்.

பெட்ராக்கில் எல்லோரும் பிழைப்புக்காக உழைக்கிறார்கள். தொடரின் நகைச்சுவைக்கு ஆதாரமே அதுதான். ஃப்ரெட் குவாரியில். விலங்குகளுக்கும் ஓய்வில்லை: குப்பை அரைக்கும் பன்றி, ரிக்கார்டை அலகால் வாசிக்கும் பறவை, தூசி உறிஞ்சும் குட்டி யானை. அவை கேமரா பக்கம் திரும்பி, என்ன செய்வது, பிழைப்பு ஓட வேண்டுமே என்று அலுத்துக்கொள்ளும். அதைப் பார்த்துச் சிரிக்காத உழைப்பாளி கிடையாது. குழந்தையும் சிரிக்கும், வேறு காரணத்துக்காக. ஒரே காட்சியில் இருவருக்கும் தனித்தனிச் சிரிப்பு இருந்ததால்தான் அது குடும்பத் தொடர் ஆனது.

சனிக்கிழமைக்கு எடுத்தபோது முதலில் கழற்றப்பட்டது இந்தப் பிழைப்புதான். முதலாளி வெறும் கத்தும் மனிதர் ஆனார். கணவன் மனைவிச் சண்டை போயிற்று. பணக் கவலை போயிற்று. ஃப்ரெட்டும் பார்னியும் போகும் நீர் எருமைகள் சங்கம் ஒரு தொப்பியாகச் சுருங்கியது. மிச்சமிருந்தது கல் கார், டைனோசர், உரத்த குரல். இவற்றை யார் வேண்டுமானாலும் வரைந்துவிடலாம்.

மூலத் தொடரே கடைசியில் இந்தத் தவறின் வாசல்வரை போனது. 1965இல் ஆறாவது சீசனில், வேற்றுக்கிரகத்திலிருந்து கசூ என்ற பச்சைக் குள்ளன் வந்து மந்திரம் செய்யத் தொடங்கினான். கேட்டதெல்லாம் மந்திரத்தில் நடக்கும்போது குவாரிச் சம்பளத்துக்கு என்ன மதிப்பு? அந்த சீசனோடு தொடர் முடிந்தது.

தயாரிப்புச் செலவு குறைவாக இருந்ததுதானே காரணம்?

ஓரளவு. ஆனால் அதையே முழுக் காரணமாகச் சொல்வது நியாயமில்லை, ஏனென்றால் மூலமும் சிக்கனமாக எடுத்ததுதான். ஒவ்வொரு அசைவுக்கும் முழு உருவத்தையும் புதிதாக வரையாமல், உடலை அப்படியே வைத்து வாய், தலை, கை மட்டும் மாற்றி வரைவது ஹன்னா-பார்பேராவின் முறை. ஃப்ரெட் கழுத்தில் டை கட்டியிருப்பதைக் கவனியுங்கள். தலையைத் தனியாக அசைக்கும்போது இணைப்புத் தெரியாமல் அது மறைக்கும். வீட்டுக்குள் ஓடும்போது ஒரே ஜன்னலும் ஒரே நாற்காலியும் திரும்பத் திரும்பக் கடந்து போகும். அசைவில் மிச்சம் பிடித்ததை எழுத்தாலும் குரலாலும் ஈடுகட்டினார்கள்.

சனிக்கிழமைக் கணக்கு வேறு. ஆண்டுக்கு 52 சனிக்கிழமை, கையில் 16 அல்லது 17 எபிசோட். அதையே சுற்றிச் சுற்றிப் போடுவார்கள். குழந்தைகள் மறுபடியும் பார்க்கும் என்று நிலையங்களுக்குத் தெரியும். மறுபடி பார்க்கும் குழந்தைக்கு ஏற்ற ஆழத்தோடு எழுதியிருந்தால் இந்த ஏற்பாடே வரமாகியிருக்கும். பெரும்பாலும் அப்படி எழுதவில்லை.

விளம்பரம் கதையைக் கெடுத்ததா?

ஆரம்பத்திலிருந்தே கதைக்குள் கை வைத்தது. ஃப்ரெட்டுக்கு முதலில் பையன் பிறப்பதாகத்தான் திட்டம். பெண் குழந்தை என்றால் பொம்மை விற்கலாம் என்று ஐடியல் பொம்மை நிறுவனம் சொல்ல, பெபிள்ஸ் பெண்ணானாள். இதை ஜோசப் பார்பேராவே பலமுறை சொல்லியிருக்கிறார். அதில் எனக்குக் குறையில்லை. பெபிள்ஸ் அருமையான பிள்ளை.

1968இல் ஃபிளிண்ட்ஸ்டோன் வடிவ வைட்டமின் மாத்திரை வந்தது. 1971இல், பெபிள்ஸ் தொடர் தொடங்கிய அதே ஆண்டில், போஸ்ட் நிறுவனத்தின் பெபிள்ஸ் காலை உணவு. இரண்டும் இன்றுவரை கடையில் கிடைக்கின்றன. தொடர்கள் நின்ற பிறகும் ஃப்ரெட்டின் முகத்தை அமெரிக்கப் பிள்ளைகள் மறக்காததற்கு இவை ஒரு பெரிய காரணம். மாத்திரையை மிட்டாய்போல் குழந்தைகளிடம் விற்பது மட்டும் எல்லை மீறியது. 1968இல் பாஸ்டன் பகுதியில் பெக்கி சாரன் முதலிய தாய்மார்கள் தொடங்கிய குழந்தைகள் தொலைக்காட்சி இயக்கம் இதை எதிர்த்துப் போராடியது. 1972இல் வைட்டமின் தயாரிப்பாளர்கள் குழந்தைகள் நிகழ்ச்சிகளிலிருந்து அந்த விளம்பரங்களை விலக்கிக்கொண்டார்கள். அந்தத் தாய்மார்கள் செய்தது சரி.

குரல்கள் மாறினால் தொடர் மாறிவிடுமா?

ஃப்ரெட் விஷயத்தில் கண்டிப்பாகப் பயந்தார்கள். ஆலன் ரீட்தான் ஃப்ரெட். 'யாபா டாபா டூ' கூட அவர் தந்தது. எழுத்தில் வேறு ஏதோ ஆர்ப்பரிப்பு இருக்க, ஒலிப்பதிவு அறையில் இப்படிச் சொல்லட்டுமா என்று கேட்டுச் சொன்னார். அவர் 1977இல் காலமானார். அதன் பிறகு ஹென்றி கார்டன், ஃப்ரெட் பாடும் பாட்டுகளுக்கு முன்பே குரல் கொடுத்தவர் என்பதால், அலட்டல் இல்லாமல் அந்த இடத்துக்கு வந்தார். ரீட்டின் கரகரப்பில் ஒரு களைப்பு இருக்கும். கார்டனிடம் உற்சாகம் கூடுதல். வில்மாவாக ஜீன் வாண்டர் பில் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார்.

பார்னியாகப் பேசிய மெல் பிளாங்க் 1961 ஜனவரியில் பெரிய கார் விபத்தில் சிக்கினார். சில எபிசோடுகளுக்கு டாஸ் பட்லர் குரல் கொடுத்தார். பிறகு உடம்பு முழுக்கக் கட்டோடு படுத்திருந்த பிளாங்க்கின் கட்டிலுக்கே மைக்கைக் கொண்டுபோய், சக நடிகர்கள் சுற்றி இருக்க, ஒலிப்பதிவு நடந்தது. புதிதாக எடுப்பவர்கள் பிரபல சினிமா நடிகரைத் தேடி ஓடுவதற்கு முன் இதை நினைக்க வேண்டும். நால்வரும் ஒரே அறையில் ஒன்றாகப் பேசிப் பதிவு செய்தால்தான் அந்தச் சண்டைகளில் சூடு இருக்கும்.

ஜெட்சன்ஸை மட்டும் எப்படி வெற்றிகரமாக மீட்டார்கள்?

அதே நிறுவனத்தின் எதிர்காலக் குடும்பம். 1962 செப்டம்பர் 23 அன்று ஏபிசியில், அந்த நிலையம் வண்ணத்தில் ஒளிபரப்பிய முதல் தொடராக வந்தது. ஞாயிறு இரவில் டிஸ்னி நிகழ்ச்சிக்கு எதிரே தாக்குப்பிடிக்க முடியாமல் 24 எபிசோடோடு முடிந்தது. அந்த 24ஐத்தான் சனிக்கிழமை காலைகளில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போட்டார்கள்! ஒரு தலைமுறைக்கு மனப்பாடம்.

1985இல் புதிதாக 41 எபிசோட் எடுத்தார்கள். 24உடன் 41 சேர்ந்தால் 65. வாரம் ஐந்து நாள், பதின்மூன்று வாரம்: உள்ளூர் நிலையங்களுக்குத் தினசரித் தொடராக விற்க அப்போது கேட்கப்பட்ட எண்ணிக்கை அதுதான். காரணம் வியாபாரம். ஆனாலும் இரண்டு காரியம் சரியாகச் செய்தார்கள். ஜார்ஜ் ஓ'ஹேன்லன், பென்னி சிங்கில்டன், ஜேனட் வால்டோ, டாஸ் பட்லர், மெல் பிளாங்க் என்று பழைய குரல்களையே கூட்டி வந்தார்கள். யாரையும் வயதாக்கவில்லை, குழந்தையாக்கவில்லை. குடும்பத் தலைவர் ஜார்ஜ் ஜெட்சன் அதே முதலாளியிடம் அதே பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். புதிதாகச் சேர்த்த ஆர்பிட்டி என்ற செல்லப் பிராணி தேவையில்லாதது. 1987இல் இன்னும் 10 எபிசோட், மொத்தம் 75.

சனிக்கிழமை காலை என்ற அந்த ஏற்பாடே இப்போது இல்லையே?

பெரிய நிலையங்களில் இல்லை. கேபிளில் நாள் முழுக்கக் கார்ட்டூன் வந்த பிறகு சனிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டியதில்லாமல் போயிற்று. 1992இல் என்பிசி கார்ட்டூனைக் கைவிட்டது. 1990இல் வந்த குழந்தைகள் தொலைக்காட்சிச் சட்டமும், வாரம் மூன்று மணி நேரக் கல்வி நிகழ்ச்சி என்ற 1996 விதியும் மற்ற நிலையங்களையும் மெல்ல வேறு பக்கம் தள்ளின. கடைசியாக மிஞ்சியிருந்த சிடபிள்யூ நிலையத்தின் கார்ட்டூன் நேரம் 2014 செப்டம்பர் 27 அன்று முடிந்தது.

சட்டத்தைக் குறை சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். விளம்பர லாபம் இருந்தவரை நிலையங்கள் கார்ட்டூனை விட்டதில்லை. லாபம் கேபிளுக்குப் போன பிறகு சட்டம் வசதியான காரணமாயிற்று.

மறுபக்கம் நல்ல செய்தியும் உண்டு. பழைய தொடர்களையே ஒளிபரப்பும் மீடிவி நிலையம் 2021இல் சனிக்கிழமை காலைக் கார்ட்டூன் நேரத்தை மறுபடி தொடங்கியது. 2024 ஜூன் 25இல் 'மீடிவி டூன்ஸ்' என்று பழைய கார்ட்டூனுக்கே தனிச் சேனல் வந்தது. ஃபிளிண்ட்ஸ்டோன்ஸும் அதில் உண்டு. ஆக, நேரம் இருக்கிறது. புதிய தொடர்தான் இல்லை.

நம் ஊரில் இதைப் பார்த்த ஞாபகம் இருக்கிறதே?

இருக்கும். டெட் டர்னரின் நிறுவனம் 1991இல் ஹன்னா-பார்பேராவை வாங்கியது. அந்தப் பழைய தொடர்க் குவியலை வைத்துத்தான் 1992இல் கார்ட்டூன் நெட்வொர்க் தொடங்கியது. 1995இல் இந்தியாவுக்கு வந்தபோது பகலில் கார்ட்டூன், இரவானால் அதே சேனலில் பழைய ஹாலிவுட் படம். நம்மில் பலருக்கு ஃப்ரெட் அறிமுகமானது அப்போதுதான்.

மனிதனும் டைனோசரும் ஒன்றாக வாழ்ந்ததாகப் பிள்ளைகள் நம்பிவிடமாட்டார்களா?

டைனோசர்கள் அழிந்து சுமார் 6.6 கோடி ஆண்டுகள். நம் இனம் தோன்றி சுமார் 3 லட்சம் ஆண்டுகள். ஒருமுறை சொல்லிக் கொடுங்கள், போதும்.

சமீபத்தில் யாரும் முயலவில்லையா?

முயன்றார்கள். 2011இல் சேத் மெக்ஃபார்லேன் ஃபாக்ஸ் நிலையத்துக்காகப் புதிய தொடர் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. அடுத்த ஆண்டே கிடப்பில் போடப்பட்டது. பெபிள்ஸ், பாம்-பாம், ஃப்ரெட் வீட்டுச் செல்ல டைனோசர் டினோ மூவரையும் காட்டுக்குள் அனுப்பும் 'யாபா-டாபா டைனோசர்ஸ்' 2021இல் அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங்கில் வந்தது. பெற்றோர் மறுபடி ஓரத்தில். 'பெட்ராக்' என்ற திட்டமும் 2021இல் அறிவிக்கப்பட்டது. மூலத்துக்கு இருபது ஆண்டு கழித்து நடக்கும் கதை: ஃப்ரெட் ஓய்வு பெறும் வாசலில், இருபது வயதைத் தாண்டிய பெபிள்ஸ் தன் வேலையைத் தொடங்கும் இடத்தில். நடிகை எலிசபெத் பேங்க்ஸ் பெபிள்ஸாகப் பேசுவதாக இருந்தது. 2024இல் ஃபாக்ஸ் அதையும் வேண்டாமென்றது. இழப்பு என்றுதான் சொல்வேன். பிழைப்பை மறுபடி கதையின் நடுவில் வைத்த யோசனை அது ஒன்றுதான்.

சரி, உங்களிடம் பொறுப்பைக் கொடுத்தால் எப்படி எடுப்பீர்கள்?

முதல் காட்சி குவாரிச் சங்கு ஊதுவதில் இருக்கும், ஆனால் ஃப்ரெட் வழக்கம்போல் டைனோசர் வாலில் சறுக்கி இறங்கிக் கிளம்ப முடியாது. கூடுதல் நேர வேலை. குழந்தைகளுக்கு இது புரியாது என்பவர்கள் எந்தக் குழந்தையையும் கேட்டதில்லை. அப்பா ஏன் லேட், அம்மா ஏன் போனை வைத்ததும் பேசாமல் இருக்கிறாள் என்பதை வீட்டில் முதலில் கவனிப்பது அவர்கள்தான்.

பெபிள்ஸைக் கைக்குழந்தையாகவே வைப்பேன். அவள் பேசத் தொடங்கிய நிமிடம் கதை அவள் பக்கம் போய்விடும். பெரியவர்கள் சொதப்புவதைப் பார்ப்பதுதான் சின்னப் பிள்ளைகளின் உண்மையான ஆனந்தம். தங்களைப் போன்ற பிள்ளைகளின் சாகசம் அவர்களுக்கு வேறு பத்து இடத்தில் கிடைக்கிறது.

இரண்டு வீடும் வேண்டும், ஒன்று போதாது. ஃப்ரெட்டுக்கு எதிர்வீச்சு பார்னி. வில்மாவுக்கு மனம் விட்டுப் பேச பெட்டி. வில்மாவுக்கு வேலையும் வேண்டும். 1980இல் கிடைத்த நிருபர் வேலையையே மீண்டும் கொடுப்பேன், கேப்டன் கேவ்மேன் இல்லாமல். அவள் எழுதும் செய்தியில் திருவாளர் ஸ்லேட்டின் குவாரி வந்தால்? அங்கேயே ஒரு சீசன் ஓடும்.

11 நிமிடத் துண்டுகளாக வெட்ட மாட்டேன். பொய் சொல்ல ஐந்து நிமிடம், அது வளர எட்டு, உடைய ஐந்து, வில்மாவும் ஃப்ரெட்டும் சமாதானமாக மிச்சம். அரை மணி நேரம் இல்லாமல் அந்தச் சமாதானம் உண்மையாக இருக்காது. ஸ்மார்ட்போனுக்குக் கல்லில் ஒரு மாற்று என்று புதுப்புதுக் கருவிகளாக அடுக்கவும் மாட்டேன். ஒன்றிரண்டு போதும், அவற்றுக்குள் வேலை செய்யும் விலங்கு அலுத்துக்கொள்ளட்டும்.

எல்லா எபிசோடையும் ஒரே நாளில் கொட்டக் கூடாது. வாரம் ஒன்று, சனிக்கிழமை காலை, குறித்த நேரம். வாரம் முழுக்க வேலைக்குப் போகும் பெற்றோர் பிள்ளைகளோடு உட்காரக்கூடிய நேரம் இன்று இரவைவிட அந்தக் காலைதான்.

பார்க்கத் தொடங்குவதானால் எங்கிருந்து?

முதல் எபிசோடிலிருந்து தொடங்க வேண்டாம். தொடர் தன் நடையைக் கண்டுபிடிக்கச் சில மாதம் ஆகிறது. மூன்றாவது சீசனில் பெபிள்ஸ் பிறக்கும் எபிசோடைப் போடுங்கள். அடுத்து 1963 அக்டோபரில் வந்த, பாம்-பாம் வாசற்படியில் கிடைக்கும் எபிசோட். பிள்ளை இல்லாத ஏக்கத்தைக் கார்ட்டூன் அந்தக் காலத்தில் இவ்வளவு நேராகப் பேசியது ஆச்சரியம். குழந்தை யாருக்கு என்ற வழக்கு நீதிமன்றம்வரை போகும்போது பார்னி வாயடைத்து நிற்பதைப் பாருங்கள். இரண்டும் பிடித்திருந்தால் முதல் இரண்டு சீசனுக்குத் திரும்பலாம். ஆறாவது சீசனைக் கடைசிக்கு வையுங்கள். சனிக்கிழமைத் தொடர்களில் ஒன்றே ஒன்று பார்க்க நேரம் இருந்தால், 1979 பிப்ரவரித் தொடர்.